ரயிலுக்குத் தெரிந்த மாடி

தேவானைக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும், கை வேகம் கூடிவிடும். அன்றைக்குத் தி. நகரில் அவள் தையல் மெஷினை மிதித்த மிதியில், காலையில் வந்து குவிந்த புடவைகளுக்கெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஃபால்ஸ் தைத்து முடிந்துவிட்டது. கல்யாண சீசன் வேறு. இரண்டு ஜவுளிக்கடைகளுக்கு நடுவில் ஒரு சந்து, சந்துக்குள் ஒரு மாடிப்படி, படி திரும்புகிற இடத்தில் அவளும் அவள் மெஷினும். புடவை கொடுத்தவர்கள் பிரித்துப் பார்த்து, ஓரம் எவ்வளவு நறுவிசாக இருக்கிறது என்று சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். மனசு பூராவும் வேளச்சேரியில் இருந்தது.

முந்தின நாள்தான் மகள் வைதேகிக்கு வேளச்சேரியில், மாப்பிள்ளை செந்தில்குமாரின் அடுக்குமாடி வீட்டில் வளைகாப்பு. வளையல் அடுக்கியாயிற்று, கலந்த சாதம் பரிமாறியாயிற்று. வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் வழக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். தேவானை வாசலில் ஆட்டோவைக்கூட நிறுத்தி வைத்திருந்தாள். அப்போதுதான் சம்பந்தி பொன்மணி, வந்த ஜனம் அத்தனை பேர் காதிலும் விழும்படி அந்தப் பேச்சை எடுத்தாள்.

"இந்த வெயில்ல பொண்ண அங்க எப்படிங்க அனுப்பறது? உங்க வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழ. உள்ள போனா அடுப்புக்குள்ள போன மாதிரி இருக்கு. இங்க ஏசி இருக்கு. புள்ள பொறக்கற வரைக்கும் இங்கயே இருக்கட்டுமே."

அவள் பொய் சொல்லியிருந்தால் தேவானை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பாள். சொன்னது உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல்.

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய குடியிருப்பில் அவள் வீடு மூன்றாவது மாடி, அதுதான் கடைசித் தளம். எதிரே, மொட்டை மாடிகளுக்கும் மேலே தூண்களில் நிற்கிற பறக்கும் ரயில் ஸ்டேஷன். பக்கத்து மனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தவரை மத்தியான வெயிலை அதுவே வாங்கிக்கொண்டது. மரத்தை வெட்டி, அந்த இடத்தில் கண்ணாடி பதித்த பெரிய கட்டடம் எழும்பியதிலிருந்து, சூரியன் மேலேயிருந்து ஒரு பங்கும் கண்ணாடியிலிருந்து இன்னொரு பங்கும் அவள் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஃபேன் போட்டால் வெந்த காற்றையே திருப்பித் திருப்பி அடிக்கும். புருஷன் அசோகன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். கோடை வந்துவிட்டால் ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டு போகிற அந்த மனுஷனை வீட்டில் பார்ப்பதே அபூர்வம்.

எல்லாம் தெரிந்தும் தேவானை வாயை விட்டாள். "அடுத்த ஞாயித்துக்கெயமை மத்தியானம் வைதேகிய இட்டுக்கினு நீங்களே வாங்க சம்பந்தியம்மா. சோறு துன்னுட்டு எங்க வூட்ல கொஞ்ச நேரம் படுங்க. வேர்த்து வடிஞ்சா பொண்ண நீங்களே திரும்ப இட்டுக்கினு போங்க, நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். வேர்க்கலேன்னா எம்பொண்ணு எங்கிட்ட இருக்கட்டும்."

பொன்மணியும் எல்லார் முன்னிலையிலும் சரி என்றுவிட்டாள். ஆட்டோ காலியாகத் திரும்பியது.

மாலையில் கடையைக் கட்டிவிட்டு தேவானை நேரே பட்டினப்பாக்கத்துக்குப் போனாள். அங்கே மீன் விற்கிற ஜான்சி, சாந்தோமில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த காலத்திலிருந்து சிநேகிதம். நல்லதோ கெட்டதோ, முதலில் ஜான்சியிடம் சொன்னால்தான் தேவானைக்கு அது நடந்த மாதிரி இருக்கும்.

ஜான்சி செதில் சுரண்டுவதை நிறுத்தாமல் முழுக்கதையையும் கேட்டாள். "ஷோக்கா வாய்ப்பந்தல் போட்டுட்டு வந்துட்டே. நெஜப் பந்தல யாரு போடறது?"

தேவானை அவளையே பார்த்தாள். "அதான்மே! பந்தல் போட்டுடலாம். மாடி மேல வெயிலே படாம."

"இன்னாமே, நான் மீன் விக்கிறவ."

"உன் வூட்டுக்காரரு ஆண்டனி போட்ல கயிறு கீதுல்ல? முடிச்சு போட உனக்குத் தெரியுமில்ல?"

ஜான்சி கத்தியைக் கீழே வைத்தாள். "தெரியும். கடல் காத்துக்கே அவுராது," என்றாள்.

கம்பு நடுகிற வேலை டில்லிபாபுவுக்கு. இரண்டாவது மாடியில் குடியிருக்கிற பெயின்டர். அடையாறிலும் மயிலாப்பூரிலும் அவன் வண்ணம் அடிக்காத அடுக்குமாடி குறைவு. காலி பெயின்ட் பக்கெட்டுகள் அவன் வீட்டில் எப்போதும் இருக்கும். அதில் சவுக்குக் கம்பை நிறுத்தி, சிமென்ட் கலவையை ஊற்றிக் காயவிட்டான். மொட்டை மாடியில் ஒரு ஆணிகூட அடிக்காமல் கால்கள் தயாராகிவிட்டன.

மேலே விரிக்கத் துணிக்கு எங்கே போவது? ராயப்பேட்டையில் ஃபிளெக்ஸ் பேனர் அச்சடிக்கிற வலியுல்லா பாய், அசோகனின் பழைய கூட்டாளி. கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள், அஞ்சலி என்று ஊர் மனிதர்களின் நல்லது கெட்டது எல்லாம் அவர் மெஷினில் இருந்து வெளியே வருகிறவை. பெயரோ தேதியோ தப்பாகிப்போய்த் திரும்பி வந்த பேனர்களைக் கடையின் பின்பக்கம் சுருட்டி வைத்திருந்தார். வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவற்றில் ஆகப் பெரியதை அவரே பிரித்துக் காட்டினார். சுவரை அடைக்கிற அகலத்தில் ஒரு பெரிய மீசைக்காரர். மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே 'அமரர் தணிகாசலம்'.

"இம்மாம் பெருசு வேற எதுவும் இல்ல தேவானைம்மா. தேதி தப்பாயிடுச்சுன்னு வாங்கிக்காம போயிட்டாங்க. அஞ்சலி பேனரு, பாத்துக்கங்க. எழுத்து யாரு கண்ணுலயும் படக்கூடாது."

"படாது பாய்," என்றாள் தேவானை.

அந்த வாரம் தி. நகர் மாடிப்படியில் புடவை வேலை முடிந்த பிறகு பேனர் வேலை நடந்தது. மெஷினுக்குத் தடித்த ஊசி போட்டு, அஞ்சலியை நடுவில் வைத்து, ஒரு பக்கம் காதணி விழாவையும் இன்னொரு பக்கம் ஒரு கல்யாணத்தையும் சேர்த்துத் தைத்தாள். நாலு ஓரத்தையும் கயிறு நுழைகிற மாதிரி மடித்து அடித்தாள்.

ஜான்சி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "வலைக்கு மேல்கயிறு கோக்கற மாதிரியே தெச்சிகீறே," என்றாள்.

"வலையும் இல்ல கிலையும் இல்ல. பாவாடைக்கு நாடா கோக்கறது இது."

"மாடிக்குப் பாவாடை கட்டி வுடறியா?" என்று ஜான்சி சிரித்த சிரிப்பில் படியேறி வந்த ஒரு அம்மாள் பயந்துபோய்த் திரும்பி இறங்கிவிட்டாள்.

எந்தப் பக்கத்தை மேலே வைப்பது என்பதில் தேவானைக்குச் சந்தேகமே வரவில்லை. துணி என்றால் நல்ல பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று. பார்க்கிறவர் கண்ணுக்கு நல்ல பக்கம் போகவேண்டும். பந்தலைப் பார்க்கப் போகிறவர்கள் அதன் அடியில் உட்காருகிறவர்கள். அவர்களுக்கு வெள்ளையாக இருக்கிற முதுகுப் பக்கம் தெரிய வேண்டும், படமும் எழுத்தும் வானத்தைப் பார்க்க வேண்டும்.

"ஆகாசத்துல குந்திக்கினு யாரு படிக்கப் போறாங்க?" என்றாள்.

"கர்த்தரு படிப்பாரு. அவரு ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டாரு," என்றாள் ஜான்சி.

சனிக்கிழமை விடிந்தவுடன் பந்தல் ஏறியது. ஜான்சி போட்ட முடிச்சுகளை டில்லி ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கம்புக்குப் போய்விட்டான், அதுவே அவன் பாராட்டு. மத்தியானம் தேவானை வீட்டுத் தரையில் பாய்கூட விரிக்காமல் படுத்துப் பார்த்தாள். சுடவில்லை. சுவரில் கை வைத்தாள், அதுவும் சுடவில்லை. ஃபேன் காற்று காற்றாகவே வந்தது. எதிர்வீட்டுக்காரி, "எங்க வூடும் சேத்து ஜில்லுனு கீதுக்கா," என்று சொல்லிவிட்டுப் போனபோது, தேவானைக்குக் கூரையோடு சேர்ந்து தானும் ஒரு முழம் உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜான்சி தன் வியாபாரம் சூடு பிடிக்கிற நாளை அப்படியே நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு கூடை சங்கரா மீனோடு வந்து இறங்கினாள். குழம்பு கொதிக்கும்போது தேவானையின் போன் அடித்தது. வைதேகி.

"அம்மா, நம்ம மாடியில யாரும்மா செத்துட்டாங்க?"

"யாரும் சாவலையேடி! நீ எங்க கீறே?"

"ஸ்டேஷன்ல. பிளாட்பாரத்துல எறங்கித் திரும்பினா நம்ம பில்டிங் மேல பெரிய மீசைக்காரரு ஒருத்தரு. கண்ணீர் அஞ்சலின்னு போட்டிருக்கு. அத்தை பாத்துட்டாங்கம்மா."

போன் கை மாறியது. வேளச்சேரிக்குக் குடிபோனதிலிருந்து பொன்மணி பார்த்துப் பார்த்துத்தான் பேசுவாள். கோபத்தில் பழைய பேச்சு தானாக வந்துவிட்டது. "இன்னாங்க இது? மாசமா கீற பொண்ண எழவு போர்டு கட்டின வூட்டுக்கா இட்டாரச் சொன்னீங்க? அடுத்த வண்டில நாங்க திரும்பிடறோம்."

தேவானை அடுப்பை அணைத்தாள். ரயில்! ஆகாயத்தில் யாரும் இல்லை என்றவளுக்கு, ஆகாயத்தில் நாள் முழுக்க ஆள் ஏற்றிப் போகிற ரயில் ஞாபகத்துக்கு வரவில்லை. அவளை மட்டும் சொல்லியும் பயனில்லை. அந்தக் குடியிருப்பில் ரயில் போனால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள், போனதும் குறைப்பார்கள், அது ரயில் என்று நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவளுக்குத் தி. நகர் போக பஸ், ஜான்சிக்கு மீன் ஆட்டோ, டில்லிக்கு மொபெட். தன் வீடு அந்தப் பிளாட்பாரத்திலிருந்து எப்படித் தெரியும் என்று ஒருத்தரும் ஒருநாளும் பார்த்ததில்லை.

போனைக் காதில் வைத்தபடியே மாடிக்கு ஓடினாள். பந்தலை விட்டு வெயிலுக்கு வந்து எதிரே பார்த்தாள். பிளாட்பாரத்தின் திறந்த கோடியில் பொன்மணியின் பச்சைப் புடவை தெரிந்தது.

"சம்பந்தியம்மா, தப்பு என்னுதுதான். மத்தவங்க கண்ணுக்குத் தெரியும்னு தோணல. அங்கயே பெஞ்சுல குந்துங்க. இங்கயே பாருங்க. அந்த எயுத்து இப்பப் போயிடும். அப்பவும் புடிக்கலேன்னா வண்டி ஏறிடுங்க." பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள். "டில்லீ!"

டில்லிபாபு பாதி ஷேவ் செய்த முகத்தோடு வந்தான். ஒரு பார்வையில் புரிந்துகொண்டு கீழே ஓடி, மூடி பிரிக்காத வெள்ளை பெயின்ட் பக்கெட்டும் நீளக் கம்பில் மாட்டின ரோலர்களுமாகத் திரும்பினான். அது அவன் தன் வீட்டு முகப்புச் சுவருக்கென்று வாங்கி வைத்தது. தேவானை வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"சும்மா இரு அக்கா. செவுரு எங்கயும் ஓடிப்போவாது."

"திருப்பிப் போட்டுட்டா?" என்றாள் ஜான்சி.

"திருப்பினா கீழ குந்தறவங்க தலைக்கு நேரா அவரு குந்துவாரு. அடி வெள்ளைய," என்றாள் தேவானை.

ஜான்சி ஒரு பக்கத்துக் கயிற்றைத் தளர்த்தினாள். பந்தல் மார்பளவுக்குச் சரிந்து வந்தது. தேவானை ரோலரைத் தூக்கினாள், மீசைக்காரரின் கண்ணைப் பார்த்ததும் கை நின்றது. யாருக்கோ அப்பா, யாருக்கோ தாத்தா. கைகூப்பி, "ஐயா, நீங்க எந்த வூட்டுப் பெரியவரோ. எம்பொண்ணு புள்ளத்தாச்சியா வாசல்ல நிக்குது. கோச்சுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, முகத்தை மற்றவர்களுக்கு விடாமல் தானே அடித்தாள்.

உச்சி வெயில். கால் பொசுங்கியது. டில்லி எழுத்துகளை விழுங்கிக்கொண்டே போனான். ஜான்சி வலது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடது கையால் காதணி விழாவை அழித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த வலியுல்லா பாய் மாடியேறி வந்து, "சொன்னேனே, சொன்னேனே," என்று தலையில் அடித்துக்கொண்டு, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரும் ஒரு ரோலரை எடுத்தார்.

அப்போது வேளச்சேரிப் பக்கம் போகிற ரயில் வந்து நின்று பிளாட்பாரத்தை மறைத்தது. நாலு பேரும் ரோலரை நிறுத்தினார்கள். தேவானை ரயில் ஜன்னல்களில் பச்சையைத் தேடினாள். மகள் போய்விட்டால் போனதுதான். நாளைக்கு வேளச்சேரிச் சொந்தக்காரர்கள் வாயில் இந்தக் கதை எப்படியெல்லாம் உருளும் என்பதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். தலைப்பிரசவத்துக்கு மகளைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் அதைப் பொறுக்க அவளால் ஆகாது.

ரயில் நகர்ந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக விலகின. பச்சைப் புடவை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

போன் அடித்தது. பொன்மணியின் குரல் இறங்கியிருந்தது. "மேல நடுவுல 'அஞ்ச'ன்னு இன்னும் தெரியுது. அத்தயும் அடிக்கச் சொல்லுங்க. அப்புறம் அந்தக் கயிறு புடிச்சுக்கினு கீறாங்களே, அந்த அம்மாவ நெழல்ல நிக்கச் சொல்லுங்க. எவ்ளோ நேரம் அந்த வெயில்ல நிப்பாங்க?"

அடுத்த ரயிலிலும் அவர்கள் ஏறவில்லை.

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது எல்லார் மேலும் வெள்ளை தெறித்திருந்தது. டில்லியின் பாதி முகத்தில் சோப்பா பெயின்ட்டா என்று சொல்ல முடியவில்லை. பொன்மணி ஒவ்வொருவராகப் பார்த்தாள். "இவங்கெல்லாம் யாரு?" என்று கேட்டாள்.

"என் பிரெண்ட்ஸுங்க," என்றாள் தேவானை. அந்தச் சொல் இவ்வளவு கம்பீரமாக வாயில் வரும் என்று அவளுக்கே தெரியாது.

செந்தில்குமார் வைதேகியின் துணிப்பையைத் தூக்கி வந்திருந்தான். உள்ளே கொண்டு போகப் போனவனை, "அங்கயே இருக்கட்டும்," என்று பொன்மணி தடுத்துவிட்டாள். பை வாசல் நிலைக்கு வெளியே உட்கார்ந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள். சங்கரா மீன் குழம்பை வைதேகி மறுசோறு கேட்டுச் சாப்பிட்டாள். பொன்மணியும் கேட்டாள், ஆனால் மெதுவாகக் கேட்டாள். பிறகு பேசியபடி பாயில் படுத்தாள்.

தேவானை எதிர்ச் சுவரில் சாய்ந்து அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொட்டு வேர்வை இல்லை. டில்லி வாசலில் வந்து நின்று, "அக்கா, வெள்ளை அடிச்சப்புறம் நேத்தவிட ஜாஸ்தி ஜில்லுனு கீது," என்று கிசுகிசுத்தான். பொன்மணியிடமிருந்து குறட்டை கிளம்பியது. வைதேகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

கடல் காற்று திரும்பி, டீ கொதிக்கிற நேரத்தில்தான் பொன்மணி எழுந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள், துடைக்க ஒன்றும் இல்லை. முந்தானையை ஒரு தடவை பார்த்தாள், பிறகு தேவானையைப் பார்த்தாள்.

"செந்திலு, அந்தப் பைய உள்ள கொண்டாந்து வை."

ஜான்சி சமையல்கட்டில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

மாலையில் அம்மாவையும் மகனையும் வழியனுப்ப தேவானை ஸ்டேஷன் வரைக்கும் போனாள். போனவள் படியேறிப் பிளாட்பாரத்துக்கும் போனாள். கோடியில் நின்று திரும்பிப் பார்த்தாள். கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் டிஷ் ஆன்டெனாக்களுக்கும் நடுவில், கண்ணாடிக் கட்டடத்துக்குப் பக்கத்தில், அவள் தைத்த வெள்ளை. அதன் கீழே வைதேகி வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜான்சி இரண்டு கையையும் ஆட்டினாள்.

"மீசை இன்னும் லேசா தெரியுது," என்றாள் பொன்மணி.

"நாளைக்கே இன்னொரு கோட்டு அடிச்சிடறேன்."

"வேணாம், இருக்கட்டும். பெரியவரு. பொண்ணுக்குத் தொணையா இருப்பாரு."

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க அது, மாடி மேல வெள்ளையா? ஏதாவது விசேஷமா?"

தேவானை பதில் சொல்லுமுன் பொன்மணி முந்திக்கொண்டாள். "அதுவா? எங்க சம்பந்தி வூடுங்க. மேல கட்டிகீறது இவங்களே தெச்சது. உள்ள போய்ப் படுத்துப் பாருங்க, ஏசியெல்லாம் கிட்டவே வர முடியாது. எம்மருமவ அங்கதான் கீறா. தோ, நிக்கறா பாருங்க."

தேவானை நகத்தோரம் பெயின்ட் போகாத கையைத் தூக்கி, எதிரே நிற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்படி ஆட்டினாள்.